மூன்று ஐந்துகள்

சிங்காரப்பேட்டையைத் தாண்டிச் செங்கம் சாலையில் சற்று தூரம் சென்றால் கிருஷ்ணகிரி மாவட்டம் முடிந்து திருவண்ணாமலை மாவட்டம் தொடங்கிவிடுகிறது. பெயர்ப்பலகையைத் தவிர வேறெதுவும் மாறுவதில்லை. ஜவ்வாது மலை இடப்பக்கம் கூடவே வந்துகொண்டிருக்கும். அந்த மாவட்டத்திலும் விழுப்புரம் மாவட்டத்திலுமாக 54 கிராமங்களில், 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஓர் உளவியல் சோதனை 2013 ஆகஸ்டு மாத இறுதியில் 'சயன்ஸ்' இதழில் கட்டுரையாக வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் எழுதியது. உலகெங்கும் பொருளாதார வகுப்புகளில் பேசப்படும் கட்டுரை அது. பக்கத்து ஊர்க்காரர்களின் மனம் இப்படிப் புகழடைந்திருப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கரும்பு பயிரிடுகிறவனுக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை, வெட்டு முடிந்தபின் மொத்தமாக வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்திருக்கும். நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். அந்த ஆய்விலேயே அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதேனும் ஒன்றை அடகு வைத்திருந்தனர், பின் வெறும் 4 விழுக்காட்டினர். ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி எளியது. ஒரே மனிதன், கையில் பணமில்லாத மாதத்திலும் பணம் வந்த மாதத்திலும் ஒரே போலச் சிந்திக்கிறானா? இரண்டு சோதனைகள் வைத்தார்கள். ஒன்று, படங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் ரேவன் அணிச் சோதனை. மற்றொன்று எண்களைக் கொண்டது. அறுவடைக்குப் பின் சராசரியாக 131 விநாடிகளில் முடித்த அந்த எண் சோதனையை, அறுவடைக்கு முன் முடிக்க 146 விநாடிகள் ஆயின. பிழைகளும் கூடின. ரேவன் சோதனையிலும் முன்னதில் குறைவான விடைகளே சரியாக இருந்தன.

அந்த எண் சோதனைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. காகிதத்தில் 5 5 5 என்று இருக்கும். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். விடை மூன்று. நாக்கில் வந்து நிற்பது ஐந்து. அதை விழுங்கிவிட்டு மூன்று என்று சொல்வதற்குள் ஒரு நொடியின் சிறு பகுதி கழிந்துவிடுகிறது. விழுங்குவதற்கு ஆகும் அந்த நேரத்தைத்தான் அளக்கிறார்கள்.

இதன் மூலவடிவம் நிறங்களைக் கொண்டது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் வெளியிட்டார். நீல மையில் அச்சிட்ட 'சிவப்பு' என்ற சொல்லைக் காட்டி மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னார். வெறும் நிறக்கட்டங்கள் நூறைச் சொல்ல ஏறத்தாழ 63 விநாடிகள் எடுத்துக்கொண்ட கல்லூரி மாணவர்கள், பொருந்தாத சொற்கள் நூறின் நிறத்தைச் சொல்ல 110 விநாடிகள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரூப் டென்னசியில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உளவியலின் மிகப் புகழ்பெற்ற சோதனைகளில் ஒன்றைச் செய்துவிட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை விவிலியம் கற்பிப்பதில் கழித்தார். புகழ் தேடி வந்தபோது அவர் வேறு வேலையாக இருந்தார் என்று நினைக்கையில் ஏனோ மகிழ்ச்சியாக இருக்கிறது. கரும்பு விவசாயிகளில் பலருக்கு எழுத்து வாசிப்பு குறைவு என்பதால் நிறச்சொற்களுக்குப் பதில் எண்கள் வந்தன. எண் எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கியவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினிப் பயன்பாடுகள் நடத்துகிறவன். பதினொன்றாம் வகுப்பில் அட்டவணைச் செயலி என்றொரு பாடம் உண்டு. வலைப்பக்கம் எழுதும் நண்பர்கள் விரிதாள் என்கிறார்கள். பிள்ளைகள் எக்செல் என்பார்கள், திறப்பது ஓப்பன் ஆஃபீஸாகவே இருந்தாலும். இத்தகைய பாடங்களுக்கு வழக்கமான எடுத்துக்காட்டுகள் இரண்டுதான்: மதிப்பெண் பட்டியல், கடை விற்பனைக் கணக்கு. யாரோ ஒருவனின் கற்பனை மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண்பதில் யாருக்கு என்ன ஆர்வம் இருக்க முடியும்? பாடநூல் 'செல்' என்பதை நுண்ணறை என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறது. நுண்ணறிவை நுண்ணறைக்குள் அடைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலிருந்தே எனக்கு வந்திருக்கவேண்டும்.

தயாரிப்பு அதிகமில்லை. 'அ' தாளில் நட்சத்திரக் குறிகளின் கூட்டங்கள் நாற்பது; ஒவ்வொன்றிலும் எத்தனை என்று சொல்ல வேண்டும். 'ஆ' தாளில் அதே நாற்பது கூட்டங்கள், நட்சத்திரங்களுக்குப் பதிலாகப் பொருந்தாத எண்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் போதும். பாதிப்பேர் 'அ'வை முதலில் செய்யவேண்டும், மற்றவர்கள் 'ஆ'வை. இல்லாவிட்டால் இரண்டாவதில் கிடைக்கும் பழக்கமோ அலுப்போ ஒரே தாளின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். தாழ்வாரத்தில் மும்மூன்று பேராக உட்கார்ந்தார்கள். ஒருவர் சொல்ல, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் பிழைகளைக் குறிக்க.

பெயர் வேண்டாம், சீட்டு எடுத்த எண் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேரைப் புதிர்வழிகளைத் தீர்க்கச் செய்தார்கள். உயர்த்திக்கொண்ட சாதிகளிலிருந்து 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து 321 பேர். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் தீர்த்தார்கள். பெயரோடு சாதியும் எல்லோர் முன்பும் வாசிக்கப்பட்டபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்தன. 2004இல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாகவும் 2006இல் பொருளாதார இதழிலும் வந்த முடிவு இது. வாசித்ததைத் தவிர அந்த அறையில் வேறொன்றும் நிகழவில்லை. ஒரு பட்டியலை உரக்க வாசிப்பது அவ்வளவு பெரிய செயல்.

எங்கள் பள்ளிகளிலும் ஒரு பட்டியல் உண்டு. 'மெல்லக் கற்போர்' என்று அதற்குப் பெயர். 'மக்கு' என்று சொல்லக்கூடாது என்பதற்காக வந்த நாகரிகமான சொல். நல்ல நோக்கத்துடன், கூடுதல் கவனம் கொடுப்பதற்காகத் தயாரிக்கப்படுவது. ஆனால் சொற்களுக்கு நோக்கம் நெடுநாள் துணை வருவதில்லை. பிள்ளைகள் இடைவேளையில் ஒருவனை 'ஸ்லோ' என்று கூப்பிடுகிறார்கள். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

சோதனை நடந்த இரண்டு பாடவேளைகள் கலகலப்பாக இருந்தன. வீட்டில் தெலுங்கு பேசும் மாணவி ஒருத்தி 'அ' தாளைத் தமிழில் சரளமாகச் சொல்லிக்கொண்டு போனாள். 'ஆ' தாளின் பாதியில் ஓரிடத்தில் திணறி, "மூடு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் தங்களைத்தான் வாயை மூடச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். தெலுங்கில் அது மூன்று. அவசரத்தில் மனம் எந்த மொழியின் படிக்கட்டில் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிழை குறிப்பவன் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். விடை சரி என்றேன்.

இன்னொருவன் கண்ணாடி அணிந்தவன். 'ஆ' தாள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். எண்கள் மங்கிக் கறுப்புத் திட்டுகளாகிவிட்டன. எண்ணுவது மட்டுமே மிச்சம். அவனுக்கு இரண்டு தாள்களுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம். கள்ளாட்டம் என்று மற்றவர்கள் கூவினார்கள். படிக்கத் தெரிந்த கண்ணால் படிக்காமல் இருக்க முடியாது என்பதுதான் ஸ்ட்ரூப் கண்ட உண்மை. அதை எந்த விளக்கமும் கேளாமல் கண்டுபிடித்துத் தப்பித்தவனுக்குத் தண்டனையா? அவன் நிரையில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டோம்.

அக்காள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "அங்கயும் இப்படித்தான் சார் ஸ்டாப்வாட்ச் வெச்சு பாப்பாங்களாம்" என்றாள். பிறகு சற்று யோசித்து, "மெதுவா செய்யறவங்கள நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். ஒன்றும் செய்யமாட்டேன், எழுதி வைத்துக்கொள்வேன் என்றேன். அதைக் கேட்டு அவள் நிம்மதியடைந்ததாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒருவராவது ஓசூரிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். நொடிகளை எண்ணுவது வேலையோடு சேர்ந்த ஒன்று என்பதைப் பிள்ளைகள் கடிகாரம் பார்க்கக் கற்கும்போதே அறிந்துகொள்கிறார்கள்.

கணினி அறையில் எல்லாவற்றையும் உள்ளிட்டோம். ஒரு நிரை, ஒரு ஆள். 1792இல் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தபின் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் இந்த மண்ணில்தான் நிலங்களை அளந்து, உழவன் ஒவ்வொருவன் பேரிலும் தனித்தனியே தீர்வை எழுதத் தொடங்கினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று மாகாணமெங்கும் பரவியது அந்த முறை. வரி என்ற சொல்லுக்குத் தமிழில் கோடு என்றும் பொருள், தீர்வை என்றும் பொருள். மனிதர்களை ஆளுக்கொரு வரியாக எழுதுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

தரவு உள்ளே போன அடுத்த நிமிடம், யாரும் சொல்லாமலேயே, முன்வரிசைக் கணினியில் இருந்தவன் நேரத்தை ஏறுவரிசையில் அடுக்கினான். யார் ஃபர்ஸ்ட்? பதினோரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைக்கு எண்களைக் கண்டதும் தோன்றும் முதல் கேள்வி அதுதான். பெயர் இல்லாவிட்டால் என்ன, யாருடைய எண் எது என்பது ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைசி நிரையில் இருந்தவன் அந்தப் பட்டியலில் உள்ளவன். 'அ' தாளுக்கு 58 விநாடிகள், 'ஆ' தாளுக்கு 66. யாரும் வியக்கவில்லை, அவன் உட்பட.

புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்கச் சொன்னேன். 'ஆ'விலிருந்து 'அ'வைக் கழித்தால் வருவது. வாய்திறந்து சொல்லும் வேகம், கூச்சம், அன்றைய தொண்டைக்கட்டு எல்லாம் இரண்டு தாள்களுக்கும் பொது என்பதால் கழிபட்டுவிடும். மிஞ்சுவது அந்த விழுங்கும் நேரம். இப்போது அந்த நெடுவரிசையைக் கொண்டு அடுக்கினார்கள். பட்டியல் சீட்டுக்கட்டைப் போலக் குலைந்தது. முதலிடத்தில் இருந்தவன் 24 விநாடியிலிருந்து 41க்கு ஏறியிருந்தான். 58க்காரனின் வேறுபாடு எட்டு. அவன் மேற்பாதிக்கு வந்துவிட்டான்.

இங்கே நான் அவசரப்பட விரும்பவில்லை. மெதுவாகச் சொல்கிறவனுக்கு எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வழியிலேயே நேரம் கிடைக்கிறது. எனவே குறுக்கீடு குறைவாகத் தெரியலாம். ஒரு வகுப்பறைச் சோதனையை வைத்து ஒரு சிறுவனின் கவனத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது, அவனை மக்கு என்பதைப் போலவே பொறுப்பற்றது. இதை அவர்களிடமும் சொன்னேன். ஆனால் எந்த நெடுவரிசையால் அடுக்குகிறோம் என்பதை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், அது வானத்திலிருந்து விழுவதில்லை என்பதை அவர்கள் திரையிலேயே பார்த்துவிட்டிருந்தார்கள். அவன் மட்டும் மெல்ல, "திரும்பவும் பழைய மாதிரி அடுக்குனா மறுபடியும் கீழ போயிடுவேன் இல்ல சார்" என்றான். ஆமாம் என்றேன்.

சிக்கல் வேறொரு நிரையில் இருந்தது. ஒருத்திக்கு 'அ' தாளில் எல்லோரையும் போன்ற நேரம். 'ஆ' தாளில் அதைப்போல இரண்டரை மடங்கு. வரைபடத்தில் அவளுடைய புள்ளி தனியாக மேலே தொங்கியது. "சார், இந்த வரிய தூக்கிடலாம் சார், ஆவரேஜே கெட்டுப்போவுது" என்றான் ஒருவன். புள்ளியியல் தெரிந்தவர்கள் சிலரும் இதையே சற்று நாகரிகமாகச் சொல்வார்கள். அவள் அங்கேயே இருந்தாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த அப்பா அந்த வாரம் பணம் அனுப்பவில்லை என்பதும், பாட்டியின் தோடு குறித்துக் காலையில் வீட்டில் பேச்சு நடந்தது என்பதும் பிறகு தற்செயலாக எனக்குத் தெரியவந்தவை. அதுதான் காரணம் என்று நான் எழுதினால் இந்தக் கட்டுரை நன்றாக முடியும். எழுத முடியாது. பக்கத்தில் யாரோ சிரித்ததுகூடக் காரணமாக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி செய்தாள், மிக நன்றாக. அதுவும் எதையும் நிறுவாது. இரண்டாம் முறை எல்லோருமே வேகமாகத்தான் செய்வார்கள்.

கரும்புக் கட்டுரையின் மீது எனக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான். அவர்களுக்கும் இதே ஐயம் இருந்திருக்கிறது. அறுவடைக்குப் பின் நன்றாகச் செய்தது பணத்தாலா, இரண்டாம் முறை என்பதாலா? அதற்காகவே ஒரு பகுதி விவசாயிகளை முதலில் சோதிக்காமல் விட்டுவைத்து, அறுவடைக்குப் பின் முதன்முறையாகச் சோதித்தார்கள். ஆலைகளின் கொள்ளளவு குறைவு என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெட்டு நடப்பதில்லை. ஒரே மாதத்தில் ஒருவன் வெட்டியிருப்பான், இன்னொருவன் காத்திருப்பான். அந்தத் தாமதம் விவசாயிக்குத் துன்பம், ஆய்வாளருக்கு வரம்: பருவநிலை, திருவிழா போன்ற காரணங்களை அதைக் கொண்டு விலக்க முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் விவாதம் முடியவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கர்வாலோ, மையர், வாங் ஆகியோர் 2016இல் அறிவுத்திறனில் அப்படி வேறுபாடு காணவில்லை என்று எழுதினார்கள். சம்பள நாளுக்கு முந்தைய வாரமும் வெட்டுக்கு முந்தைய ஆறு மாதமும் ஒன்றா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அது என் சார்பாக இருக்கலாம்.

அந்த நிரையை நீக்கவில்லை. சராசரிக்குப் பக்கத்தில் இடைநிலை அளவையும் போட்டோம். ஒரே ஒரு புள்ளி எவ்வளவு உயரத்தில் தொங்கினாலும் இடைநிலை அளவு அசையவில்லை என்பதை, அவளுடைய எண்ணை வேண்டுமென்றே ஆயிரம் என்று மாற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். மாற்றியவள் அவளேதான்.

கடைசியாக டி சோதனை. இதை உருவாக்கிய வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு, பத்து நோயாளிகள் மருந்து உண்டபின் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது. ஒவ்வொருவரின் தூக்கமும் அவரவர் தூக்கத்தோடு ஒப்பிடப்பட்டது; நன்றாகத் தூங்குகிறவனோடு தூங்காதவனை அவர் ஒப்பிடவில்லை. சூத்திரத்தில் கடைசியாகக் கேட்கும் வகை என்ற இடத்தில் 1 என்று கொடுத்தால் அந்த இணைச் சோதனை கிடைக்கும். கொடுத்தோம். 0.00 என்று வந்தது.

"ஜீரோ சார்" என்றார்கள். வகுப்பே சோர்ந்துவிட்டது. இத்தனை நாள் உழைப்புக்குப் பூஜ்யமா? நுண்ணறையின் வடிவமைப்பை மாற்றி, தசமப் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் நீண்டுகொண்டே போய், வெகுதூரத்தில் ஓர் எண் தலைகாட்டுவதைக் காட்டினேன். தாள்களுக்கிடையில் வேறுபாடே இல்லாதிருந்தால் இப்படியொரு முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு அவ்வளவு சிறியது. பூஜ்யத்தை நெருங்குவது நல்லது என்று சொல்லும் கணக்கை அவர்கள் வாழ்க்கையில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போர் பட்டியலுக்கான படிவம் வந்தது. வரிசை எண், பெயர், பாடவாரியாக மதிப்பெண், மொத்தம். என் வகுப்புக்கு நான்தான் நிரப்பவேண்டும். காலாண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு நெடுவரிசையும், கழித்து வருவதற்கு ஒன்றும் சேர்த்து, அதைக் கொண்டு அடுக்கி அனுப்பினேன். படிவத்தில் இல்லாததை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டு, இரண்டு நெடுவரிசைகளையும் நீக்கிப் பழைய வரிசையில் அனுப்பச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். என் கணினியில் உள்ள பிரதியில் அவை இருக்கின்றன. 58 விநாடிக்காரனுக்கு நேராகக் கூட்டல் குறியுடன் ஓர் எண் இருக்கிறது. அதை அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கணக்கில் மட்டும் குறைந்திருப்பதை அவனே கண்டுபிடித்துச் சொன்னான்.